காரியின் குதிரையும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

ஓட்டைக் காலணாவில் தொடங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, விக்டோரியா ராணி ரூபாய் என்று பழைய காசு சேர்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கொஞ்சம் ஆழமாகப் போனவர்கள் எப்படியும் ஒரு நாள் வந்து நிற்கும் இடம், ராஜாக்களும் புராண வீரர்களும் இருக்கும் மிகப் பழைய காசுகள். அப்படிச் சேர்ப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு உங்கள் கம்ப்யூட்டர் பெரிய உதவி செய்யும். விலை கொடுத்து சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஸ்பிரெட்ஷீட், போன் கேமரா, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். எப்படி என்று பார்க்கலாம்.

சிங்கத்தோல் போர்த்தியவர் யார்?

உலகத்தில் அதிகம் பேர் சேர்க்க ஆசைப்படும் கிரேக்கக் காசு, மகா அலெக்சாண்டர் (ஆட்சி கி.மு. 336 - 323) வெளியிட்ட டெட்ராட்ராக்ம் என்னும் வெள்ளிக் காசு. எடை சுமார் 17 கிராம். முன்பக்கத்தில், சிங்கத்தின் தோலைத் தலையில் குல்லாய் போல மாட்டிய ஒரு வீரனின் முகம். பின்பக்கத்தில், ஆசனத்தில் அமர்ந்து கையில் கழுகை ஏந்திய ஜீயஸ் கடவுள். பக்கத்தில் 'அலெக்சாண்டருடையது' என்று பொருள்படும் கிரேக்க எழுத்துகள்.

பெயரைப் பார்த்ததும் அந்த முகம் அலெக்சாண்டர்தான் என்று முடிவு கட்டிவிடுவோம். விற்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சிங்கத்தோல் அணிந்தவர் ஹெராக்ளிஸ். ஆங்கிலப் படங்களில் நாம் பார்த்த ஹெர்குலிஸ் இவரே. மாசிடோனிய அரச குடும்பம் தன்னை இவருடைய வம்சம் என்று சொல்லிக்கொண்டது. அலெக்சாண்டருக்கு முன்பு ஆண்ட மாசிடோனிய மன்னர்களின் காசுகளிலும் இவர் இருக்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. அலெக்சாண்டர் இறந்து நூறாண்டு கழிந்த பிறகும் பல நகரங்கள் இதே காசை அவர் பெயரிலேயே அடித்து வந்தன. எனவே அவர் பெயர் இருப்பதால் மட்டும் அது அவர் காலத்துக் காசு ஆகிவிடாது.

நம் நாட்டுக் கதை ஒன்றையும் பாருங்கள். 1970-ல் ஆப்கானிஸ்தானில் உள்ள ஆய் கானும் என்ற பழைய கிரேக்க நகரத்தில் அகழாய்வு செய்தவர்களுக்கு, அகதோக்ளிஸ் என்ற இந்தோ-கிரேக்க மன்னனின் வெள்ளிக் காசுகள் ஆறு கிடைத்தன. காலம் கி.மு. 2-ம் நூற்றாண்டு. ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும் இன்னொரு பக்கம் பிராமி எழுத்தும் உள்ளன. இரண்டிலும் மன்னன் பெயர்தான் இருக்கிறது. கடவுள் பெயர் இல்லை. ஒரு பக்க உருவத்தின் கையில் கலப்பை, மறு பக்க உருவத்தின் கையில் சக்கரம். அதை வைத்துத்தான் பலராமர், கிருஷ்ணர் என்று அறிஞர்கள் அடையாளம் சொன்னார்கள்.

கண்ணுக்குத் தெரிவது கலப்பையும் சக்கரமும். பலராமரும் கிருஷ்ணரும் அதிலிருந்து நாம் எடுத்த முடிவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஷீட்டின் அமைப்பே இதில்தான் இருக்கிறது.

நம்ம ஊர் வீரன்

விழுப்புரத்தில் காட்பாடி பாசஞ்சர் ஏறினால் வழியில் வருவது திருக்கோவிலூர். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. சங்க காலத்தில் இதன் பெயர் கோவலூர். மலையமான் மரபினரின் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி ஆண்டது இங்கேதான். அவனுடைய குதிரையின் பெயரும் காரி. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் போரில் வீழ்த்தியவன். கபிலர் பாடிய வீரன்.

இங்கே தென்பெண்ணை ஆற்று மணலில் சிறிய செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பல காசுகள் சதுரம் அல்லது நீள்சதுர வடிவம். முன்பக்கம் ஒரு குதிரை. பின்பக்கம் மலை போன்ற குறி, வளைந்து ஓடும் ஆறு, அதற்குள் மீன்கள். ஆளும் நாட்டையே காசில் படமாகப் போட்டது போல இருக்கும். சில காசுகளில் மட்டும் தமிழ் பிராமி எழுத்தில் 'மலையமான்' என்ற பெயர் உண்டு.

அந்தக் குதிரை காரியா? அப்படி நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் மலையமான் என்பது ஒரு குடும்பத்தின் பெயர், பலர் ஆண்டிருக்கிறார்கள். குதிரை கண்ணுக்குத் தெரிவது. காரி நாம் சொல்வது.

சங்க கால மன்னர்கள் பெயர் பொறித்த காசு வெளியிட்டார்கள் என்பதே ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1984-ல் மதுரையில் கிடைத்த ஒரு செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற எழுத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. பிறகு கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' ஆகிய சேரர் வெள்ளிக் காசுகள் வெளிச்சத்துக்கு வந்தன. இவற்றில் ரோமானியக் காசுகளைப் பார்த்துச் செய்தது போல மன்னனின் முகமே இருக்கிறது. அதே கரூரில் கிரேக்க நாட்டுக் காசுகளும் கிடைத்துள்ளன. ஆக, கிரேக்கக் காசு எங்கோ ஏழு கடல் தாண்டி இருக்கும் விஷயம் இல்லை.

பெரியப்பாவின் பிஸ்கட் டப்பா

நான் திண்டிவனத்துக்காரன். சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். என் பெரியப்பா விழுப்புரத்தில் இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 76. நாற்பது வருடமாகக் காசு சேர்த்தவர். ஒரு பிஸ்கட் டப்பாவில் 143 காசுகள். சிலவற்றைப் பழைய சம்பளக் கவர்களில் போட்டு, மேலே பென்சிலால் ஊரும் வருடமும் எழுதியிருந்தார். மற்றவை மொத்தமாகக் கலந்து கிடந்தன.

சமீப காலமாக அவருக்கு ஞாபக மறதி வந்துவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால், எந்தக் காசு எந்த ஊரில் வந்தது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்த டேட்டா. அதற்கு பேக்கப் கிடையாது. அதனால் போன வருடம் சனிக்கிழமைகளில் திண்டிவனம் வரும்போதெல்லாம் ரயில் பிடித்து விழுப்புரம் போய், அவரோடு உட்கார்ந்து ஷீட் போட ஆரம்பித்தேன். "இது எங்க வாங்கினது பெரியப்பா?" என்று கேட்டால் சில காசுக்கு ஒரு கதையே வரும். சில காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஞாபகம் வரலப்பா, அடுத்ததை எடு" என்பார்.

ஊர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவை கலைந்து போகும் முன் மொத்தமாகப் பதிவு செய்யப்பட்டன. அதனால்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அதில் உள்ள கடைசி மன்னர் வெஸ்பேசியன் (கி.பி. 69 - 79). ஆகவே புதையலைப் புதைத்தது அவர் ஆட்சி தொடங்கிய பிறகுதான். இரண்டு, பெரும்பாலான காசுகளில் மன்னர் முகத்தின் மேல் உளியால் வெட்டு போடப்பட்டிருந்தது. ஒரே ஒரு காசை மட்டும் பார்த்தால் ஏதோ கீறல் என்று விட்டுவிடுவோம். கூட்டமாகப் பார்த்தபோதுதான் வேண்டுமென்றே செய்தது என்று புரிந்தது. காசு தொலையாமலே அதன் செய்தி தொலைந்து போகலாம்.

ஷீட்டை எப்படி அமைப்பது?

எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒரு காசுக்கு ஒரு வரிசை. தேவையான காலம்கள் இவை:

1. வரிசை எண். 0001 என்று தொடங்குங்கள். முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகாமல் இருக்க, அந்தக் காலத்தை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக மாற்றிவிடுங்கள். ஒரு முறை கொடுத்த எண்ணை வேறு காசுக்குக் கொடுக்கக் கூடாது.

2. உலோகம், எடை, விட்டம், வடிவம்.

3. முன்பக்கம் காண்பது, பின்பக்கம் காண்பது. இங்கே பெயர் எதுவும் வேண்டாம். 'வலது நோக்கிய குதிரை', 'சிங்கத்தோல் அணிந்த தலை' என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

4. கருதுவது. 'மலையமான் காசு', 'ஹெராக்ளிஸ்' எல்லாம் இங்கே. பக்கத்திலேயே 'யார் சொன்னது, எப்போது' என்று ஒரு காலம். நாளை கருத்து மாறினால் இதை மட்டும் மாற்றலாம். 3-ல் கை வைக்கத் தேவையிருக்காது.

5. கிடைத்த ஊர், வாங்கிய இடம், வாங்கிய வருடம். கிடைத்த ஊரும் வாங்கிய ஊரும் ஒன்றல்ல. தனித்தனிக் காலம் போடுங்கள். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். காலியாக விடாதீர்கள். காலியாக இருந்தால், கேட்கவே இல்லையா, கேட்டும் தெரியவில்லையா என்று பிறகு புரியாது.

6. தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு. இங்கே ஒரு சிக்கல். எக்ஸெல்லின் தேதிக் கணக்கு 1900-ல்தான் தொடங்குகிறது. கி.மு. என்றால் அதற்குத் தெரியாது. எனவே தேதியாகக் கொடுக்காமல் வெறும் எண்ணாகக் கொடுங்கள். கி.மு. வருடத்துக்கு முன்னால் மைனஸ் போடுங்கள். அலெக்சாண்டர் என்றால் ஒரு செல்லில் -336, அடுத்ததில் -323. சார்ட் செய்தால் காலவரிசை சரியாக வரும்.

தமிழில் டைப் செய்யும்போது கட்டாயம் யூனிகோடில் செய்யுங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் செய்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தேட முடியாது. தமிழ் பிராமியையும் அப்படியே டைப் செய்யலாம். பிராமி எழுத்துகள் 2010-ல் யூனிகோட் 6.0 பதிப்பில் சேர்ந்தன. பழந்தமிழுக்கே உரிய சில குறிகள் 2021-ல் 14.0 பதிப்பில் வந்தன.

படம் எடுக்கும்போது

காசின் நேர் மேலே பிளாஷ் அடிக்காதீர்கள். தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். டேபிள் லேம்பைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, ஒளி சாய்வாக விழும்படி செய்யுங்கள். மேடு பள்ளம் நிழலோடு தெரியும். விளக்கை நான்கு திசையிலும் மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒரு திசையில் தெரியாத எழுத்து இன்னொரு திசையில் தெரியும். பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் இருக்கட்டும்.

பைலுக்கு வரிசை எண்ணையே பெயராகக் கொடுங்கள்: 0017 முன், 0017 பின். ஒரிஜினலைத் தொடாமல், காப்பி எடுத்து எடிட் செய்யுங்கள். ஜேபெக் பைலை ஒவ்வொரு முறை எடிட் செய்து சேவ் செய்யும்போதும் தரம் குறையும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், உங்கள் வீடு இருக்கும் இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வெளியே பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

இன்னொரு யோசனை. பெரியவர்கள் கதை சொல்லும்போது போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, அந்த ஆடியோ பைலுக்கும் காசின் எண்ணையே கொடுங்கள். பெரியப்பா குரலில் எனக்கு இப்போது 38 பைல்கள் இருக்கின்றன.

தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் காசை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெள்ளி 10.5, செம்பு 8.96, ஈயம் 11.3, தங்கம் 19.3. ஷீட்டில் ஒரு பார்முலா போட்டுவிட்டால் தானே கணக்கு வரும்.

பெரியப்பா மிகவும் ஆசையாக வைத்திருந்தது ஒரு 'அலெக்சாண்டர் வெள்ளி'. பல வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. எடை 14.90 கிராம். தண்ணீரில் 1.91. வகுத்தால் 7.8. வெள்ளிக்குக் கிட்டவே வரவில்லை. நான் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "நகல்னு எழுதுப்பா. தூக்கிப் போட வேணாம், எழுதி வை" என்றார். எழுதினேன். அடுத்து வாங்குபவர் யாரும் ஏமாறாமல் இருக்க அந்த வரி தேவை.

ஒரு எச்சரிக்கை. 2 கிராம் காசு தண்ணீரில் 0.2 கிராம்தான் காட்டும். தராசில் 0.01 மாறினாலே 5 சதவீதம் தப்பு வரும். எனவே சின்னக் காசுக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள். பச்சைப் பொடி பூத்த செப்புக் காசைத் தண்ணீரில் போடவே கூடாது. ஈரம் அதை மேலும் அரிக்கும். சிலிகா ஜெல் பாக்கெட்டோடு உலர்ந்த டப்பாவில் வையுங்கள். முக்கியமாக, பித்தளைக் குடம் விளக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

போலியைப் பிடிக்க லேயர்

பழைய காசுகளைக் கையால் சுத்தியல் அடித்துச் செய்தார்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கும். ஆனால் ஓரத்தின் வடிவம், உருவம் விழுந்த இடம், கீறல்கள் எல்லாம் வேறாக இருக்கும். வார்ப்பில் செய்த போலிகளில் கீறல்கூட ஒன்றாகவே இருக்கும்.

கிம்ப் போன்ற இலவச சாப்ட்வேரில் இரண்டு படங்களையும் இரண்டு லேயராகத் திறந்து, ஸ்கேலை வைத்து ஒரே அளவாக்கி, மேல் லேயரின் ஒபாசிட்டியை 50 ஆக்குங்கள். உருவமும் ஓரமும் கீறலும் அச்சாகப் பொருந்தினால் கவனம்.

ஒப்பிடப் படம் எங்கே கிடைக்கும்? அமெரிக்க நாணயவியல் கழகத்தின் மான்டிஸ் டேட்டாபேஸ், அலெக்சாண்டர் காசுகளுக்கென்றே அவர்கள் நடத்தும் பெல்லா தளம், பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பு ஆகிய மூன்றையும் இலவசமாகப் பார்க்கலாம். எடையும் விட்டமும்கூடக் கொடுத்திருப்பார்கள். போனில் படத்தைக் காட்டித் தேடும் வசதி ஒரு தொடக்கத்துக்கு உதவும். அது சொல்லும் பெயரை 'கருதுவது' காலத்தில் போடுங்கள், உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் திண்டிவனம் பக்கம் ஓய்மான் நாடு. கிடங்கில் அதன் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடன் அதன் தலைவன். நாளை யாராவது 'நல்லியக்கோடன்' என்று எழுத்து பளிச்சென்று தெரியும் காசோடு வந்தால், பர்ஸைத் திறக்கும் முன் தராசையும் லேயரையும் திறங்கள். ஊர்ப் பாசத்தைக் குறிவைத்துத்தான் போலிகள் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருட இந்தியப் புதையல் சட்டம். நூறு வருடம் தாண்டிய காசுகள் தொல்பொருள் என்று 1972-ம் வருட தொல்பொருள் சட்டம் சொல்கிறது. தனி நபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. காசுக்காக ஆற்றையோ மேட்டையோ தோண்டாதீர்கள், தோண்டியவர்களிடம் வாங்காதீர்கள். காசு கிடைத்த சரியான இடத்தை உங்கள் ஷீட்டில் வைத்திருங்கள். பேஸ்புக்கில் போட்டுவிட்டால் மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வந்துவிடும்.

பேக்கப் எடுத்தாயிற்றா?

ஷீட், படம், ஆடியோ மூன்றும் ஒரே போல்டரில் இருக்கட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். எங்களுடையது பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டரிலும், திண்டிவனத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், கிளவுடிலும் இருக்கிறது. இது போக, ஷீட்டைப் பிரின்ட் எடுத்து டப்பாவிலேயே வைத்துவிட்டோம். கரன்ட் இல்லாவிட்டாலும் காகிதம் பேசும்.

143 காசுகளில் 61-க்குத்தான் ஊர் தெரிந்தது. மீதி 82-ல் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறோம். அலெக்சாண்டர் நகல் ஆகிவிட்டது. ஆனால் பாத்திரக்கடையில் எடைக்குப் போகவிருந்த ஒரு தேய்ந்த செப்புத் துண்டு, 'திருக்கோவிலூர், ஆற்று மணல், 1986' என்ற பென்சில் எழுத்தோடு இருந்தது. பக்கவாட்டு ஒளியில் அதில் குதிரையின் கால்கள் நான்கும் தெரிகின்றன. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று பெரியப்பா தேர்ந்தெடுத்த முதல் காசு அதுதான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். காசு இரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்துவிட்டது, இன்னும் பிடிக்கும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் உங்களுக்காக அத்தனை நாள் காத்திருக்க மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு புது ஷீட்டைத் திறந்து, 0001 என்று டைப் செய்து, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.